காணியை முஸ்லிம் ஆளுக்கு விற்கலாமா?

ஜூலை 8, 2024 – வாசகர் கேள்வி

திருகோணமலை நகருக்கு அண்மையில் அப்பா விட்டுப்போன வளவு ஒன்று இருக்கிறது. நாங்கள் எல்லோரும் கனடாவில். தரகர் கொண்டுவந்த ஆட்களில் நல்ல விலை சொல்பவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். ஒழுங்கைக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘அவர்களுக்கு விற்காதே, ஒன்று போனால் ஒழுங்கையே போய்விடும்’ என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த எண்ணம் உண்டு. இருக்கிற காணியை எல்லாம் அவர்கள்தானே வாங்கிக் குவிக்கிறார்கள்? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 9

விபரம் தெரியும். திருகோணமலையில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்து தலை நரைத்தவள் நான். உறுதி எழுதுவதற்கு முன் காணிப் பதிவகத்துக்குப் போய்த் தேடல் எடுப்பது என் வேலை. அந்தத் தடித்த பதிவேட்டில் காணிக்கொரு பக்கம். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், உறுதியின் தன்மை, இலக்கம், திகதி, நொத்தாரிசு என்று நிரல் நிரலாக இருக்கும். மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தால் ஒரு வளவு யார் யார் கையில் இருந்தது, எப்போது கைவிட்டுப் போனது எல்லாம் தெரிந்துவிடும்.

ஊர்வாய் ‘பெற்றவர்’ நிரலை மட்டும் வாசிக்கிறது. பக்கத்து நிரலில் யாருடைய பெயர்? எங்கள் பெயர்தான். 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் அற்றோணித் தத்துவம் (தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரம்) அனுப்பி விற்ற வளவுகள். மகளின் கலியாணத்துக்கு விற்றார்கள், மகனை வெளியே எடுக்க விற்றார்கள், ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட விற்றார்கள். குறை சொல்லவில்லை, என் தம்பியும் அப்படித்தான் போனான். ஆனால் கை காசை எண்ணிக்கொண்டிருக்க வாய் ‘பிடித்துவிட்டார்கள்’ என்று புலம்புவது எனக்குப் பொறுப்பதில்லை.

ஒருவர் எங்கள் மேசைக்கு முன்னால் இருந்து, தமிழ் ஆள் சொன்னதைவிட முஸ்லிம் ஆள் கூடச் சொல்கிறார் என்று அவருக்கே எழுதச் சொன்னார். எழுதினோம். சில மாதம் கழித்து ஒரு கலியாண மண்டபத்தில் அதே மனிதர் நாலு பேருக்கு நடுவில் ‘எங்கள் மண் எல்லாம் கைமாறுகிறது’ என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாயசம் இனிப்புக் கூடவா குறைவா என்று கதையை மாற்றிவிட்டார்.

ஜூலை 9, இரவு

கேள்வி கேட்டவர் ‘நீங்கள் முஸ்லிமா?’ என்று விசாரிக்கிறார். இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி, பத்திரகாளி அம்மன் கோயில், ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும். போதுமா?

ஜூலை 11

‘மாவட்டமே போய்விட்டது, குடிசனமதிப்பீட்டைப் பாருங்கள்’ என்கிறார் இன்னொருவர். பார்ப்போம். 1981 இல் திருகோணமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 34 வீதம், சிங்களவர் 33, முஸ்லிம்கள் 29. 2012 இல் முஸ்லிம்கள் 40 வீதம், தமிழர் 31க்குக் கிட்ட, சிங்களவர் 27க்குக் கிட்ட. முஸ்லிம்களின் பங்கு கூடியது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை பேர் கடல் கடந்து போயும், 2006 இல் சம்பூர்ப் பக்கம் முழுவதும் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் முகாமில் கிடந்தும், எங்கள் பங்கு குறைந்தது இவ்வளவுதான். ‘போய்விட்டது’ என்ற சொல்லுக்கு இந்த எண்கள் போதாது.

ஏன் கூடியது? அவர்களுக்குப் பிள்ளைகள் கூட. அது ஒன்று. மற்றது யாரும் பேசாதது: எங்கள் ஆட்கள் போனது அகதியாக, திரும்பி வராத பயணம். அவர்களில் பெரும்பாலோர் போவது கட்டாருக்கும் சவூதிக்கும். அங்கே குடியுரிமை கொடுக்கமாட்டார்கள். ஒப்பந்தம் முடியக் காசோடு ஊருக்குத்தான் வர வேண்டும். வந்தவனுக்கு வளவு வேண்டும். கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் வழக்கம் எங்களுக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. நாலு பெண் பெற்ற வாப்பா நாலு வளவு தேடுகிறார். நாலு பெண் பெற்ற என் அப்பாவும் அதைத்தான் செய்தார், யாரும் சதி என்று சொல்லவில்லை.

இன்னொன்று. இந்த மாவட்டத்தின் நிலவரத்தை மாற்றியது நொத்தாரிசு எழுதிய உறுதிகள் அல்ல. அல்லை, கந்தளாய்க் குடியேற்றத் திட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் அரச காணி அனுமதிப்பத்திரத்தில் போனது. எங்கள் மேசைக்கு அது வரவே இல்லை. அதற்காக அங்கே நெல் விதைக்கிற சிங்கள விவசாயியை முறைக்கச் சொல்லவில்லை, திட்டம் போட்டவன் அவனில்லை. அந்தப் பெரிய கணக்கு வேறு. அதன் கோபத்தைக் கிண்ணியாவில் இருந்து பத்துப் பேர்ச் காணி தேடி வருகிறவன் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

ஜூலை 11, பிறகு

‘மறுபக்கத்தையும் எழுதுங்கள்.’ சரி. தமிழ் ஆசிரியர் ஒருவர் முஸ்லிம் குடியிருப்பு ஒன்றில் வீடு பார்த்து முற்பணமும் கொடுத்தார். அயலவர்கள் விற்பவரை நெருக்கி முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். சிலை வைத்து மணி அடிப்பார்களாம். எங்கள் ஒழுங்கையில் சொல்லும் காரணம் பள்ளிவாசல் பாங்குச் சத்தம். பயத்தில் இரண்டு சமூகமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல.

ஜூலை 12

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. ‘1990 ஐ மறந்துவிட்டீர்களா அக்கா? ஊர்காவல் படையை?’

மறக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சிறுவர்களும் இருந்தார்கள். ஓகஸ்ட் 12 ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், கொன்றவர்களோடு அரசு ஆயுதம் கொடுத்த முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் பத்து நாள்கூட இல்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டாவதைச் சொல்லி வளர்ப்போம். அவர்கள் வீடுகளில் முதலாவதைச் சொல்லி வளர்ப்பார்கள். ஒருவர் மற்றவரின் திகதியைப் பாடமாக்குவதில்லை.

அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்தில் கொட்டிலில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு இன்று பேரப்பிள்ளை காணும் வயது. 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது அங்கிருந்த முஸ்லிம்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு ஓடினார்கள். அதே நாட்களில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

கணக்கை நேர்செய்ய இவற்றை எழுதவில்லை. நேராகவும் மாட்டாது. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன்: தரகரைக் கூப்பிட்டு, உங்கள் வளவை வாங்க வந்தவருக்கு 1990 இல் என்ன வயது என்று கேளுங்கள்.

ஜூலை 13

விடை வந்திருக்கிறது. இப்போது முப்பத்தாறு வயது. கட்டாரில் மின்னியல் வேலை. 1990 இல் அவருக்கு இரண்டு வயது. ஊர்காவல் படையில் சேர்த்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூலை 14

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயாவைக் கொளுத்திய சாம்பல் ஆறுவதற்குள் அவரையும் இதற்குள் இழுத்துவிட்டார் ஒருவர். ‘2015 இல் கிழக்கு மாகாண சபையில் 11 ஆசனம் வைத்திருந்த கூட்டமைப்பு 7 ஆசன முஸ்லிம் காங்கிரசிடம் முதலமைச்சர் பதவியைக் கொடுத்தது. அன்று தொடங்கியது.’ அன்று என்ன தொடங்கியது என்று அவர் எழுதவில்லை. அந்தச் சபையில் தமிழரும் முஸ்லிமும் ஒரே அமைச்சரவையில் இருந்தார்கள். சண்டையும் பிடித்தார்கள், பங்கும் பிரித்தார்கள். மாகாண சபை என்றால் அதுதானே. எனக்கு அதில் குறை உண்டு, ஆனால் அது நியமனங்களைப் பற்றியது. மதத்தைப் பற்றியது அல்ல. அரசியல்வாதி மேல் இருக்கிற கோபத்தைச் சந்தையில் தயிர் விற்கிற நானாவிடம் காட்டுவதைத்தான் முன்கோபம் என்கிறோமா, முட்டாள்தனம் என்கிறோமா?

ஜூலை 15

‘சாப்பாட்டில் மூன்று தரம் துப்பித்தான் தருவார்கள்.’ இதையும் எழுதிவிட்டார்கள். வரட்டும் என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. அண்ணன் மகன் கொழும்பில் இருந்து வந்திருந்தான். கிண்ணியாவில் இருந்து புரியாணி எடுப்பிப்போம் என்றேன். முகத்தைச் சுளித்தான்.

“நீ பார்த்தாயா?”

“இல்லை மாமி. என்னோடு வேலை செய்கிற ஒருவர் சொன்னார்.”

“அவர் பார்த்தாரா?”

“அவருடைய மச்சான் முஸ்லிம் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தவராம்.”

“எந்த ஹோட்டல்?”

“அது தெரியாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விடயம் மாமி.”

அவர்கள் கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். அதே அண்டாவில் இருந்துதான் எங்களுக்கும் வரும். துப்பினால் முதலில் சாப்பிடுவது யார்? பையன் யோசித்தான். புரியாணி வந்தது, ஈரல் துண்டைத் தேடித் தேடி எடுத்தான்.

பகிடியாக எழுதுகிறேன், ஆனால் கேள்வி கேட்ட ஒழுங்கைக் கவனியுங்கள். நான் அவனுக்கு நல்லிணக்கம் போதிக்கவில்லை. போதித்திருந்தால் தொலைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பான். யார் பார்த்தது, எங்கே, எப்போது என்று கேட்டேன். நொத்தாரிசு அலுவலகத்தில் பழகியது. உறுதிக்கு இரண்டு சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. ஒரு இனத்தைப் பற்றிச் சொல்லுகிற கதைக்கு ஒரு சாட்சியாவது வேண்டாமா?

ஜூலை 17

மேலே எழுதியதை வாசித்துவிட்டு ‘சும்மா கதைதானே, யாருக்கு நட்டம்?’ என்கிறார்கள். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கறியில் ஒரு கட்டி கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். உணவில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே கிடையாது. பகுப்பாய்வில் அது வெறும் மா என்று தெரிந்தது. அறிக்கை வருவதற்கு முன்பே கடையும் பள்ளிவாசலும் உடைந்துவிட்டன. அடுத்த வாரம் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான தாய்மாருக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. கைதுசெய்தார்கள், ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. 2022 இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, நாட்டில் மருந்தில்லாத நேரம், அதை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

எங்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1958 இல் மட்டக்களப்பில் ஒரு சிங்கள ஆசிரியையைத் தமிழர்கள் சிதைத்துக் கொன்றார்கள் என்று பாணந்துறையில் கதை கட்டினார்கள். அப்படி ஓர் ஆசிரியையே இருக்கவில்லை. அந்தக் கதைக்கு உயிரைக் கொடுத்தவர்கள் தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வட்ஸ்அப்பில் மாத்திரைக் கதையை அனுப்புகிறார்கள். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அளுத்கம 2014 இல் எரிந்தபோதும் திகன எரிந்தபோதும் எங்கள் உறவுக்குள்ளேயே ‘அவர்களுக்கும் தெரியட்டும்’ என்று சொன்ன குரல்களை நான் கேட்டேன். தெரியட்டும் என்றால் என்ன தெரிய வேண்டும்? ஜூலை 83 எப்படி இருந்தது என்றா?

ஜூலை 18

சஹ்ரான், உயிர்த்த ஞாயிறுத் தற்கொலைக் குண்டுதாரிகளின் தலைவன். கட்டாயம் வரும் என்று தெரியும்.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்கள் தமிழர்கள், பிள்ளைகள் பலர். இதில் எனக்கு எந்த மழுப்பலும் இல்லை. அதைச் செய்தவர்களை அவர்களின் சொந்த ஊரே முன்கூட்டிக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் ஆண்டுக்கணக்கில் முறைப்பாடு செய்திருந்தார்கள். குண்டு வெடித்த அதே வாரம் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். பிறகு மே மாதம் கடை எரிந்தது யாருக்கு? குருநாகல், மினுவாங்கொடை முஸ்லிம்களுக்கு. அவர்கள் சஹ்ரானை நேரில் கண்டதே இல்லை.

இதற்கு மேல் இன்று எழுத மனமில்லை.

ஜூலை 20

இன்று அபாயா. இது எங்கள் நகரின் சொந்தச் சண்டை, ஆகவே கொஞ்சம் நீளும்.

2018 ஏப்ரலில் நகரின் இந்து மகளிர் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்துப் பெற்றோர் வாசலில் நின்றார்கள். சேலைதான் இந்தப் பாடசாலையின் பண்பாடு என்றார்கள். ஆசிரியைகள் இடமாற்றப்பட்டார்கள், மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கம் பரிந்துரை செய்தது, 2022 பெப்ரவரியில் திரும்பவும் வாசலில் கூட்டம். நான் சேலை உடுத்து வாழ்ந்தவள், சேலைக்கு எதிரியல்ல. ஆனால் அந்த வாசலில் நின்றவர்களில் பாதிப்பேரின் மகள்மார் மெல்பேர்னில் ஜீன்ஸ் போட்டுப் படிப்பிக்கிறார்கள்.

என்னோடு பழகிய மூதூர் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய உம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு வயலுக்குப் போனவர். மகள் அபாயா. ‘உம்மாவுக்கு இது பிடிக்காது அக்கா, கறுப்புத் துணிக்குள் வேகிறாய் என்று ஏசுவார்’ என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சண்டை அவர்கள் வீட்டுக்குள் நடக்கிறது. நடக்கட்டும். வாசலில் நின்று நாங்கள் கத்தியதன் பலன் என்ன தெரியுமா? உம்மாவும் மகளின் பக்கம் சேர்ந்துவிட்டார்.

இந்த ஆண்டு உயர்தரப் பெறுபேறு வந்தபோது நகரின் முஸ்லிம் பாடசாலை ஒன்றின் 70 மாணவிகளின் பெறுபேற்றை நிறுத்திவைத்தார்கள். பரீட்சை மண்டபத்தில் காதை மூடியிருந்தார்களாம், உள்ளே கருவி வைத்திருக்கலாமாம். மெல்லிய, ஊடுருவித் தெரிகிற துணி அது. பிறகு வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் காத்திருந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் என்றால் கச்சேரி வாசலில் கொட்டில் போட்டு உண்ணாவிரதம் இருந்திருப்போம்.

ஜூலை 21

‘மெல்பேர்ன் ஜீன்ஸ்’ வரிக்கு ஏழெட்டுத் திட்டு. ஒருவர் தன் மகள் மெல்பேர்னில் அல்ல, சிட்னியில் என்று திருத்தியிருக்கிறார். நன்றி.

ஜூலை 24

அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்திருப்பதாக நேற்று அறிவித்தார்கள். கொவிட் காலத்தில் இறந்த முஸ்லிம்களையும் கட்டாயமாக எரித்ததற்கு.

உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றே சொன்னது. இங்கே விடவில்லை. 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான குழந்தையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தபோது, பொரளை மயானத்தின் வேலியில் இறந்தவரைச் சுற்றும் கபன் துணியைக் கிழித்த வெள்ளைத் துண்டுகளை மக்கள் கட்டினார்கள். எல்லா இனத்தவரும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி. அதுவும் நாடு முழுவதிலும் இருந்து மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே 3,600க்கு மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டார்கள். பலருக்குத் தெரியாதது: அவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள்.

‘எரித்தால் என்ன, நாங்கள் எரிக்கிறோம்தானே’ என்று அப்போது சொன்ன தமிழர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்டது: புலிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்களை இடித்து மேலே முகாம் போட்டபோது ஏன் அழுதோம்? கல்லுக்கா அழுதோம்? பதில் வரவில்லை, ஆனால் அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் நின்றது.

அதே 2021 பெப்ரவரி, கிழக்கில் பொத்துவில் முதல் வடக்கில் பொலிகண்டி வரை தமிழர்கள் உரிமை கேட்டு நடந்தார்கள். மூன்றாம் திகதி தொடங்கி ஏழாம் திகதி முடிந்தது. கோரிக்கைகளில் காணாமல் ஆக்கப்பட்டோரும் இருந்தார்கள், ஜனாஸா எரிப்பும் இருந்தது. முஸ்லிம் இளைஞர்கள் தண்ணீர்ப் போத்தலோடு தெருவோரம் நின்றார்கள், பிறகு சேர்ந்து நடந்தார்கள். நான் முழங்கால் வலிக்காரி, வீதியோரம் நின்று பார்த்தேன். நீடித்ததா என்றால் இல்லை. அடுத்த தேர்தலில் அவரவர் மேடை. ஆனால் நடந்தது.

ஜூலை 24, இரவு

‘நோன்புக் கஞ்சியும் பொங்கலும் மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை. தம்பி, அரை நூற்றாண்டாக மாற்றிக்கொண்டோம். 1990 இல் அந்தக் கஞ்சி யாரைக் காப்பாற்றியது? தொண்டு நிறுவனங்கள் நட்சத்திர விடுதியில் பல்சமயத் தலைவர்களை வரிசையாக நிறுத்திக் குத்துவிளக்கு ஏற்றிய படங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. அந்த ஐயரும் மௌலவியும் பிக்குவும் பாதிரியாரும் ஒருவரையொருவர் வெறுத்ததே இல்லை. வெறுக்கிறவர்களை யாரும் அந்த விடுதிக்கு அழைப்பதில்லை.

ஜூலை 25

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. கஞ்சியில் பயன் ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் கடைசியில், ‘இன்று இரவு ஜமாலியாப் பக்கத்தில் இருந்து ஆயுதத்தோடு வருகிறார்கள்’ என்று எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரு குரல்பதிவு சுற்றியது. பொல்லுகளை எடுத்துவிட்டார்கள். நான் ஜமாலியாவில் இருக்கிற, வருடா வருடம் கஞ்சி அனுப்புகிற தாத்தாவுக்கு (அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தொலைபேசி எடுத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘தங்கச்சி, உங்கள் பக்கம் இருந்துதான் வருகிறார்கள் என்று இங்கே எல்லோரும் பள்ளிவாசலுக்குள் நிற்கிறோம்’ என்றார். குரல்பதிவு அங்கேயும் போயிருக்கிறது, ஊரின் பெயரை மட்டும் மாற்றி.

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு ஒழுங்கைக்காரர்களுக்குக் கேட்கவைத்தேன். பொல்லுகள் உள்ளே போயின. அந்த இலக்கம் என்னிடம் இருந்ததற்குக் காரணம் கஞ்சிதான். ஆகவே தம்பி, வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது இலக்கத்தையும் வாங்கி வையுங்கள்.

ஜூலை 28

‘தமிழ்தான் பேசுகிறார்கள், பிறகு ஏன் தமிழர் இல்லை என்கிறார்கள்?’ இதை நாங்கள் அப்பாவியாகக் கேட்பதாக நினைக்கிறோம். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழர்தான் என்று கட்டுரை படித்தார். அது சட்டசபையில் அவர்களுக்குத் தனி ஆசனம் போகாமல் தடுக்கும் வாதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு 1915 இல் முஸ்லிம்களைத் தாக்கிய கலவரம். கைதான சிங்களத் தலைவர்களுக்காக முழங்கியவர் அதே இராமநாதன். முஸ்லிம் வீடுகளில் இன்றும் நினைவிருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் அவர் வெறும் வீரர். ஒருவர் தன்னை யாரென்று சொல்கிறாரோ அப்படியே விடுங்கள், பேசுகிற மொழியில் நாங்கள் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 29

ஒருவர் வேறு வகையான குறை எழுதியிருக்கிறார், இது நியாயமானது. 1985 இல் ஓடியபோது விட்ட காணியில் இப்போது ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறதாம், பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டோம், காணி எங்களுக்கே என்று ஆட்சி கோருகிறதாம். இதற்குக் கோபப்படலாம். இதற்கென்றே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் காணிக்குப் போகமுடியாதவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதைத் தடுக்கத்தான். உங்கள் விடயத்தில் அது இன்னும் உதவுமா என்று சட்டத்தரணி பார்க்கட்டும். கள்ள உறுதி எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். தமிழர் எழுதினார்கள், சிங்களவர் எழுதினார்கள், முஸ்லிம்களும் எழுதினார்கள். வழக்கில் எதிராளியின் பெயரைப் போடுங்கள், மதத்தைப் போடும் இடம் படிவத்தில் இல்லை.

ஓகஸ்ட் 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கட்டார்காரரோடு காணொளியில் கதைத்தாராம். அவருக்கு இரண்டு மகள்மார், மூத்தவளுக்கு எட்டு வயது. வளவில் நிற்கிற கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தறிக்கமாட்டேன் என்று தானாகவே சொன்னாராம். விற்க முடிவு. ஆனால் அவருடைய அண்ணன், ‘பிறகு இவர் விற்பதென்றால் தமிழருக்குத்தான் விற்க வேண்டும்’ என்று உறுதியில் ஒரு வரி போடச் சொல்கிறாராம்.

நான் கண்ட நொத்தாரிசுகளில் எவரும் அந்த வரியை எழுதமாட்டார்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், அந்த வரி அவ்வளவு அவசியம் என்றால் அதே விலைக்கு அவரே வாங்கலாம். வாங்குவாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.

ஒழுங்கைக்காரர்களுக்குத் தரகர் மூலம் செய்தி போகவேண்டாம். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், வாங்குபவரின் பெயரையும் சொல்லுங்கள். ‘ஒரு முஸ்லிம்’ என்று சொன்னால் ஒழுங்கை கூடும். பெயர், தொழில், பிள்ளைகள் என்று சொன்னால் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப்பேரோடு சண்டை பிடிக்கத்தான் வேண்டும், அது உங்கள் சண்டை, வாங்குபவரின் தலையில் விடாதீர்கள்.

வேலை விடயம். அற்றோணித் தத்துவத்தை ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்புங்கள். இங்கே அது பதியப்பட்ட பிறகுதான் கையெழுத்து. கிணறு பக்கத்து வளவோடு பொது என்று எழுதியிருந்தீர்கள், அந்தப் பங்கும் ஒழுங்கை வழி உரிமையும் அட்டவணையில் தெளிவாக வர வேண்டும், பின்னாள் சச்சரவு பெரும்பாலும் தண்ணீரிலும் வழியிலும்தான் தொடங்கும். அப்பா காலத்து நில அளவைப் படம் போதாது, புதிதாக அளப்பியுங்கள். மாரி தொடங்கினால் அளவையாளர் வரமாட்டார், செப்டம்பருக்குள் ஆளைப் பிடியுங்கள்.